ஓர் ஆட்டுக்கு ஒரு கை

ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து மறுநாள் காலை, யோர்பி இடது கையால் பல் துலக்கிக்கொண்டிருந்தான். தண்ணீர்ப் பீப்பாயில் மொண்டு வாய் கொப்பளித்ததும் இடது கையால்தான். வேலைக்குக் கிளம்பிய எவாரிஸ்தோ வாசலிலேயே நின்றுவிட்டான்.

“கை என்னடா?”

“ஒண்ணுமில்ல மாமா. படுத்த வாக்குல மரத்துப்போச்சு.”

சொல்லிவிட்டுப் பையன் சிரித்தான். அந்தச் சிரிப்பை எவாரிஸ்தோ நம்பவில்லை. இருபத்தாறு வருஷமாகச் சர்க்கரை ஆலையில் மூட்டை தூக்குகிறவன் அவன். வலியை மறைக்கிறவன் எப்படிச் சிரிப்பான் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

யோர்பி அவன் தங்கை மினெர்வாவின் மகன். பதினாறு வயது. மூன்று வருஷமாக ஊருக்குள் கீகோ மாஸ்டரின் விடுதியில் தங்கி, பேஸ்பால் ஆட்டத்தில் பந்து வீசப் பழகுகிறான். சோறு, ஷூ, வைட்டமின் மாத்திரை எல்லாம் மாஸ்டர் செலவு. ஒப்பந்தம் ஆனால் அதில் அவருக்குப் பங்கு. வடக்கே வெளிநாட்டில் ஒரு பெரிய கிளப் பையனை எடுத்துக்கொள்வதாக வாய்வார்த்தை கொடுத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. கையெழுத்து ஜனவரி பதினைந்தாம் தேதி. இன்னும் எட்டு நாள்.

பண்டிகைக்குப் பையனை வீட்டுக்கு அனுப்பியபோது மாஸ்டர் அவனை அம்மாவிடம் ஒப்படைக்கவில்லை. எவாரிஸ்தோவைத்தான் கூப்பிட்டார். “உங்களுக்கு ஆட்டம் தெரியும், அதனால உங்ககிட்ட சொல்றேன். இவன் ரெண்டு நாளைக்கு ஒரு கல்லக்கூட எறியக் கூடாது. மாங்கா அடிக்கக் கூடாது. நாய விரட்டக்கூடக் கூடாது” என்றார். எவாரிஸ்தோ நெஞ்சில் கை வைத்துத் தலையாட்டினான்.

அவனைவிட அதற்குப் பொருத்தமான ஆளும் அந்த ஆலைக் குடியிருப்பில் இல்லைதான். சோலானோவின் கடையில் டோமினோ மேசையைச் சுற்றி நடக்கும் பேச்சில் அவன் பேச்சுதான் மேலே நிற்கும். முப்பத்து நாலு வயது ஆளுக்கு ஏழு வருஷ ஒப்பந்தம் போட்ட கிளப்பை, தன் சொந்தப் பணம் போனதுபோலத் திட்டுவான். சின்னப் பையன்களை நூறு பந்து, நூற்றிருபது பந்து என்று வீசவைக்கிற பயிற்சியாளர்கள் பேரைக் கேட்டாலே அவனுக்கு ஆகாது. “முழங்கை என்ன இரும்பா? உள்ள இருக்கிறது ஒரு நாடா. அவ்வளவுதான். அறுந்தா ஒரு வருஷம் படுக்கை, அப்புறம் பழைய வேகம் வரும் வராது, யாருக்குத் தெரியும்?” என்பான். அவன் வருவதைத் தூரத்தில் பார்த்ததுமே சோலானோ குரல் கொடுப்பான்: “எல்லாரும் முழங்கையை மடக்கிக்கங்கப்பா, டாக்டர் வந்துட்டாரு!”

அப்பேர்ப்பட்ட டாக்டர்தான் திருநாளன்று அந்தக் காரியத்தைச் செய்தான்.

அன்று பக்கத்துக் குடியிருப்போடு ஆட்டம். வருஷா வருஷம் நடப்பது. தோற்றவர்கள் ஆடு வாங்க வேண்டும், ஜெயித்தவர்கள் சமைத்துத் தின்பார்கள், தோற்றவர்கள் எலும்புக்காவது கூப்பிடுவார்கள் என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். நாலு வருஷமாக எலும்புக்கு நின்றது இவர்கள்தான். இந்த வருஷம் ஒன்பது இன்னிங்ஸில் எட்டு முடிந்தபோது ஒரு ஓட்டம் முன்னால் இருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, இவர்களுக்காக வீசிக்கொண்டிருந்த லாரி ஓட்டுநருக்குத் தொடையில் தசை பிடித்துக்கொண்டது. வேறு ஆள் இல்லை. எதிர்ப்பக்கத்தார் தகரத்தைத் தட்டிக்கொண்டு ஆடுபோலக் கத்தினார்கள்.

அணியை நடத்தியது எவாரிஸ்தோ. வேலியோரம் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற மருமகனைத் திரும்பிப் பார்த்தான். பார்த்திருக்கக் கூடாது.

“மூணே மூணு பேர அவுட்டாக்கணும்டா. மெதுவாப் போடு. உன் மெதுவான பந்தே இவனுங்களுக்குத் தெரியாது.”

“மாஸ்டர்?”

“மாஸ்டர் எங்க இருக்காரு? நான் இருக்கேன்ல?”

மூன்று பேரோடு முடியவில்லை. பிடிக்க வேண்டிய பந்து ஒன்று நழுவி ஆட்டம் சமனாகிவிட்டது. பத்தாவது இன்னிங்ஸ், பதினொன்று, பன்னிரண்டு என்று இழுத்துக்கொண்டு போனது. பையனும் மெதுவாக வீசவில்லை. ஊரே பெயர் சொல்லிக் கத்தும்போது எந்தப் பதினாறு வயதுக்காரன் மெதுவாக வீசுவான்? நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டியவன் எல்லோருக்கும் முன்னால் நின்று கத்திக்கொண்டிருந்தான். பன்னிரண்டாவதில் ஜெயித்தார்கள். ஆட்டுக்கறியின் முதல் தட்டைக் கொண்டுவந்து எவாரிஸ்தோவின் கையில் கொடுத்தார்கள்.

இப்போது பையன் இடது கையால் பல் துலக்குகிறான்.

அன்று மாலையே அவன் விடுதிக்குத் திரும்பிவிட்டான். சனிக்கிழமை காலை மாஸ்டரின் மைதானத்தில் கிளப் ஆட்கள் கடைசியாக ஒரு தடவை பார்ப்பார்கள், அன்றே ஆஸ்பத்திரியில் முழங்கையைப் படம் எடுப்பார்கள் என்று தகவல் வந்தது. ஆலையில் அரவை மும்முரமாக இருந்தது. எவாரிஸ்தோ மூட்டையைத் தூக்கினான், வைத்தான், தூக்கினான். எந்த மூட்டையும் கனமாகத் தெரியவில்லை. மனசுக்குள் வேறொன்று அழுத்திக்கொண்டே இருந்தது.

மாஸ்டரிடம் சொல்லிவிடலாமா? சொன்னால் முதல் வேலையாக அவர் பையனின் பெட்டியைத் தெருவில் வைப்பார். வைக்காவிட்டால் அதைவிட மோசம். வலி தெரியாமல் ஊசி போட்டு வீசவைக்கிற மாஸ்டர்கள் உண்டு. கீகோ அப்படிப்பட்டவர் இல்லை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் மூன்று வருஷச் சோறு போட்ட மனுஷன், கையெழுத்துக்கு ஒரு வாரமே இருக்கும்போது எப்படி இருப்பார் என்று யாருக்குத் தெரியும்? சொல்லாமல் விட்டால்? ஒருவேளை வெறும் தசைப்பிடிப்பாக இருக்கலாம். ஒருவேளை ஓய்வில் சரியாகியிருக்கலாம். இந்த ‘ஒருவேளை’யைப் பிடித்துக்கொண்டே புதன் போனது, வியாழன் போனது. வெள்ளிக்கிழமை மினெர்வா மதியச் சோறு கொண்டுவந்தாள்.

“அண்ணே, ஏன் சாப்பிட மாட்டேங்கிற? கையெழுத்து அவனுக்கா உனக்கா?” என்று சிரித்தாள். “நாளைக்கு நீயும் வரணும். வேகம் அது இதுன்னு அவங்க பேசுறது எனக்குப் புரியாது. நீ பக்கத்துல இருந்தா எனக்கு தைரியமா இருக்கும்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். மசித்த வாழைக்காயை ஒரு கவளம் வாயில் போட்டான். தண்ணீர் குடித்து இறக்கினான்.

சனிக்கிழமை மைதானத்தில் பனி ஈரம் காயவில்லை. கிளப்பிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் வெளிநாட்டுக்காரர், பந்தைப் பிடிப்பவனுக்குப் பின்னால் வேகம் காட்டும் கருவியோடு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இன்னொருவர் இந்த நாட்டுக்காரர்தான், ரோசென்தோ. கையில் குறிப்புப் புத்தகம். மினெர்வா ஞாயிற்றுக்கிழமை உடுத்தும் மஞ்சள் கவுனில் வந்திருந்தாள். மாஸ்டர் எவாரிஸ்தோவைப் பார்த்துக் கண்ணடித்தார். “பத்திரமா பாத்துக்கிட்டீங்க. நல்ல ஆளு.”

முதல் பந்து. கையுறையில் பட்ட சத்தம் பலகை உடைவதுபோல வந்தது. வெளிநாட்டுக்காரர் தலையாட்டினார்.

“தொண்ணூத்தி மூணு மைல்” என்று மாஸ்டர் முணுமுணுத்தார்.

இரண்டாவது, மூன்றாவது. மினெர்வா வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள். எவாரிஸ்தோ பந்தைப் பார்க்கவில்லை. பையனின் முழங்கையைப் பார்த்தான். போன மாதம் தோளுக்கு நேராக வந்த முழங்கை, இப்போது ஒரு விரற்கடை கீழே வருகிறது. நாலாவது பந்தில் இரண்டு விரற்கடை. ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் பையன் முதுகைக் காட்டித் திரும்பி நின்று, கையைத் தொடையோடு ஒட்டவைத்து உதறினான். அந்தப் பக்கம் நின்றவர்களுக்கு அது தெரியாது. எவாரிஸ்தோ பக்கவாட்டில் கொஞ்சம் பின்னால் நின்றதால் பையனின் முகம் தெரிந்தது. உதடு வெளுத்திருந்தது.

ஆறாவது பந்து. தொண்ணூற்றொன்று.

“சூடு ஏறட்டும்” என்றார் மாஸ்டர்.

ரோசென்தோ கையைச் சுழற்றிக் காட்டினார். வளைந்து இறங்கும் பந்து வேண்டுமாம். முழங்கையைத் திருகிப் போடுகிற பந்து. எவாரிஸ்தோவின் காதில் எல்லாச் சத்தமும் நின்றுபோனது. அந்தப் பந்தோடு நாடா அறுந்துவிடும் என்று அவனுக்குத் தோன்றியது. தோன்றியதுகூட இல்லை, அறுந்து பையன் மண்ணில் மண்டியிட்டதை அவன் பார்த்தேவிட்டான். பையன் காலைத் தூக்கியபோது எவாரிஸ்தோ சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தான்.

“போடாதடா! கீழ போடு பந்த! போடாத!”

பையன் திகைத்து நின்றான். பந்து கையிலேயே இருந்தது.

“யோவ், பைத்தியமா உமக்கு?” மாஸ்டர் பின்னாலேயே ஓடிவந்து சட்டையைப் பிடித்தார். “யாரு முன்னாடி என்ன பண்றீரு?”

“இவன் கை கெட்டுப்போச்சு மாஸ்டர். நான்தான் கெடுத்தேன். திருநாளன்னைக்கு நாலு இன்னிங்ஸ் போடவச்சேன்.”

“எதுக்கு?”

சொல்ல வெட்கமாக இருந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள்.

“ஒரு ஆட்டுக்கு.”

ரோசென்தோ அதை வெளிநாட்டுக்காரருக்கு அவர் மொழியில் சொன்னார். அவர் கருவியை உறையில் போட்டு மூடினார். மாஸ்டர் சட்டையை விட்டுவிட்டு, பக்கத்தில் கிடந்த வாளியை உதைத்தார். மினெர்வா மட்டும் சத்தம் போடவில்லை. அண்ணனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் கத்தியிருந்தால் அவனுக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

ஆனாலும் படம் எடுத்தார்கள். மதியம் ஆஸ்பத்திரி டாக்டர் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார். நாடா முழுசாக அறவில்லை, ஓரத்தில் கிழிந்திருக்கிறது, நாலு மாதம் பந்தைத் தொடக் கூடாது, அப்புறமும் சேர்ந்ததா இல்லையா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். இன்னும் சில பந்து போட்டிருந்தால் என்று ஆரம்பித்தவர், மினெர்வாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ரோசென்தோ பையனின் தலையில் கை வைத்தார். “பதினஞ்சாம் தேதி முடியாது தம்பி. கை தேறட்டும், அப்ப பாக்கலாம்.” அந்த ‘பாக்கலாம்’ எத்தனை கனம் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

வெளியே மாமரத்தடியில் ஒருவன் காத்திருந்தான். இன்னொரு விடுதி நடத்துகிறவன். செய்தி அதற்குள் அவனுக்குப் போயிருந்தது. கீகோ மாஸ்டர் காதில் விழாத தூரத்தில் மினெர்வாவை மறித்தான்.

“அம்மா, கிழிசல்னா பயப்படாதீங்க. எங்கிட்ட ஒரு ஊசி இருக்கு. ஒரே வாரம். வேற கிளப்பு ஒண்ணு படமெல்லாம் கேக்காது. மாசக் கடைசிக்குள்ள கையெழுத்து.”

யோர்பி நிமிர்ந்து பார்த்தான். காலையிலிருந்து முதல் முறையாக அவன் கண்ணில் வெளிச்சம். “அம்மா, என்னால முடியும். தொண்ணூத்தி மூணு போட்டேன்ல? இவருதான் கெடுத்தாரு. அன்னைக்கு ஆட்டுக்காக நிறுத்தல, இன்னைக்கு என் கையெழுத்த நிறுத்திட்டாரு.”

மினெர்வா அண்ணன் பக்கம் திரும்பினாள். மைதானத்தில் அவன் ஒப்புக்கொண்ட பிறகு அவனோடு அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“ஊசி போட்டா என்ன ஆகும்?”

“வலிக்காது.”

“வலிக்காட்டி?”

“அறுந்துபோற வரைக்கும் போட்டுக்கிட்டே இருப்பான். அறுந்ததும் அவனுக்கே தெரியாது.” எவாரிஸ்தோ கை கூப்பினான். “என்னைய அடி, வீட்டுக்குள்ள சேர்க்காத. ஆனா இது வேண்டாம் மினெர்வா.”

அவள் மகனின் கையைப் பார்த்தாள். பிறகு மரத்தடிக்காரனைப் பார்த்து, “வழிய விடுங்க” என்றாள். மகனிடம், “வண்டில ஏறு.”

வாடகை மோட்டார் சைக்கிளுக்குக் காத்திருக்கவில்லை. ஆலைக்காரன் ஒருவனிடம் எவாரிஸ்தோ இரவல் வாங்கி வந்த வண்டியில் மூன்று பேரும் ஏறினார்கள். பையன் நடுவில், வலது கை மடியில். அவன் மாமனைப் பிடித்துக்கொள்ளவில்லை. பின்னால் உட்கார்ந்த அம்மாதான் அவனைச் சுற்றிப் பிடித்திருந்தாள். கரும்பு வண்டிகள் உழுதுபோட்ட சாலை. ஒவ்வொரு குழியும் அந்த முழங்கைக்குப் போகும் என்று எவாரிஸ்தோவுக்குத் தோன்றியது. ஆள் நடக்கிற வேகத்தில் ஓட்டினான். பின்னால் வந்த லாரிகள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு தாண்டிப் போயின. ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கியபோது பையன் பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டது.

“வலிக்குதாடா?”

இன்னும் பதினோரு கிலோமீட்டர் இருந்தது. எவாரிஸ்தோ வேகத்தை இன்னும் குறைத்தான்.