பின்னால் வேண்டாம்

…பெறத்தால வேண்டாம் என்று மட்டுமே தாசம்மாள் சொன்னாள், பின்னால் என்பதை எங்கள் விளவங்கோட்டுப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம், ஏன் என்று அவளும் சொல்லவில்லை, நானும் வினவவில்லை, கணவன் மனைவியருக்குள் வினவாமலே விளங்கும் காரியங்கள் சில உண்டு, ஆகவே குழந்தைக்காகச் சைக்கிளில் மாட்டும் மூன்று வகை இருக்கைகளில் பின்புற நாற்காலி என்பது நீங்கியது, எஞ்சியவை இரண்டு. எப்பொருளையும் கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றின் நன்மை தீமைகளைச் சீர்தூக்கி, அதன்பின் ஒன்றைக் கைக்கொள்ள வேண்டும் என்று ஆறாம் வகுப்பு வாசக புத்தகத்தில் படித்திருக்கிறேன். சபையார் நடத்திய வகுப்பில் முப்பத்திரண்டாம் வயதில்தான் படித்தேன், ஆயினும் படிப்பு படிப்பே. இன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அவள் ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர வேண்டும், அன்று முதல் எங்கள் மகள் எலிசாளைப் பாப்பனங்கோட்டிலிருந்து பூஜப்புரையிலுள்ள என் அக்காள் வீட்டில் நாள்தோறும் கொண்டு சேர்ப்பது என் கடமை, அந்த நேரத்தில் அவ்வழியே பஸ் இல்லை, இரண்டரை வயதுக் குழந்தையைச் சுமந்து நடந்தால் நான் வேலை செய்யும் பைண்டிங் கூடத்தில் மணியடித்த பிறகே போய்ச் சேருவேன். “பிள்ளைக்கு ஒறப்பா ஒரு சீட்டு கண்டாத்தான் நான் வேலைக்குப் போவேன், இல்லேண்ணா அந்தக் கடுதாசிய நீங்களே கொண்டு திருப்பிக் குடுங்க” என்று அவள் சொல்லியாயிற்று. நான்கு முறை மனுச் செய்து கிடைத்த வேலை, அதைத் திருப்பிக் கொடுப்பதா? இன்று மாலைக்குள் இருக்கை மாட்டியாக வேண்டும், மாட்டியே தீருவேன்.

ஆகவேதான் பாப்பனங்கோட்டிலிருந்து சாலைக் கடைத்தெரு வரையில் சைக்கிளில் ஏறாமலே அதை உருட்டிக்கொண்டு வந்தேன், என் இருக்கையின் மேல் எலிசாளை அமர்த்தி, ஒரு கையால் அவள் இடுப்பை அணைத்து, மறு கையால் ஹாண்டிலைப் பற்றி… கரமனைச் சாயக்கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஒருவர், “என்னா அண்ணா, சைக்கிளுக்குச் சுகமில்லையோ, நடத்திக் கொண்டு போணு?” என்று கேட்டார், உள்ளே இருந்தவர்கள் நகைத்தனர், நகைக்கட்டும். குழந்தையை வீட்டில் விட்டு அளவை மட்டும் கொண்டு வந்திருந்தால் இந்த நகைப்புக்கு இடமில்லை. சைக்கிள் கடைக்காரர் சென்ற வாரமே சொல்லியிருந்தார், பிள்ளையின் காலளவைக் கொண்டு வாரும், கால் ஊன்றும் கம்பியை அதற்குத் தக்கபடி வளைத்துத் தருகிறேன், கால் தொங்கினால் சக்கரக் கம்பிக்குள் போய்விடும் என்று. நியாயமான பேச்சு. இன்று காலை எலிசாள் உறங்கிக்கொண்டிருந்தாள், உறங்கும் குழந்தையின் கால் அசையாது, அளவு பிசகாது என்று கருதி, விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, இடுப்பிலிருந்து உள்ளங்கால் வரை வைத்து, மிஞ்சியதை ஒடிக்கப் போன வேளையில் தாசம்மாள் அடுக்களையிலிருந்து வந்தாள். “என்னத்தச் செய்யுதிய? ஈர்க்கு வச்சா பிள்ளைய அளக்குதிய?” அவள் குரல் அவ்வாறு நடுங்கி நான் கேட்டது அதற்கு முன் ஒரே ஒரு முறைதான். ஈர்க்கைப் பறித்துத் துண்டு துண்டாக ஒடித்து அடுப்பில் இட்டாள். எனக்கு அப்பொழுதே உறைத்தது. எங்கள் பக்கத்தில் ஆசாரி ஈர்க்கு வைத்து அளப்பது பெட்டி செய்வதற்கு மட்டுமே, கிடப்பவரின் உயரத்திற்கு ஒடித்து, பிறகு அந்த ஈர்க்கையும் உள்ளேயே வைத்துவிடுவார். இதை அறியாதவனா நான்? எனினும் கை அளவையே எண்ணியது, அளவுக்குப் பின்னால் நின்றதை எண்ணவில்லை… ஆகவே அளவு வேண்டாம், அளவுக்குரியவளையே கொண்டு செல்வோம் என்று அப்பொழுதே முடிவு செய்தேன்.

குற்றாலலிங்கம் அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்தார், சாலையில் சைக்கிள் கடை வைத்து இருபது ஆண்டுகள் ஆகியும் பேச்சை மாற்றிக்கொள்ளாதவர். “வாரும் வே, சைக்கிள்ள ஏறத்தான சீட்டு கேட்டீரு, சைக்கிளத் தோள்ல தூக்காம வந்தீரே, அதுவே பெரிசு” என்றார். எலிசாளை மேசைமேல் இருத்தி, ஒரு மணியைக் கையில் கொடுத்தார், அவள் அடிக்கத் தொடங்கினாள், அதன்பின் நாங்கள் பேசியதெல்லாம் மணியோசைக்கு நடுவில்தான். மூன்று இருக்கைகளையும் அவர் என் முன் வைத்தார். முதலாவது பின்பக்கம் கேரியரின் மேல் திருகும் பிரம்பு நாற்காலி, அகலமானது, கைப்பிடியுள்ளது, இடுப்புக்கு வாருள்ளது. இரண்டாவது முன்பாரின் மேல் மாட்டும் சிறு தோல் இருக்கை, இருபுறமும் கால் ஊன்றக் கம்பி, குழந்தை ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு சாலையைப் பார்த்து அமரும். மூன்றாவது ஹாண்டிலில் தொங்கவிடும் பிரம்புக் கூடை, அதில் குழந்தை ஓட்டுகிறவனை நோக்கி அமரும், முகத்துக்கு முகம். இதுதான், இதைத்தான் நான் எண்ணி வந்தேன், முகம் தெரிந்தால் போதும், கண் செருகினால் தெரியும், அழப் போனால் தெரியும், மூச்சு… “நான் சொல்லுதேன் கேளும்,” என்றார் அண்ணாச்சி, “பின்னால உள்ளத வாங்கும். பிள்ளை தூங்கிட்டாக்கூட சாயாது. மழை வந்தா ஒம்ம முதுகு அதுக்குக் குடை.” போலீஸ்காரர் டபிள்ஸ் என்று வழக்கு எழுத மாட்டாரா என்று ஒரு சாக்குச் சொன்னேன். “ரெண்டு வயசுப் பிள்ளைய டபிள்ஸ்னு எழுதுத போலீஸ்காரன் இனிமேத்தான் பெறக்கணும்!” என்று சிரித்தபடியே என் சைக்கிளைச் சுற்றி வந்தவர் பின்சக்கரத்தருகில் நின்றார். “கேரியர் எங்க வே? கழட்டி வச்சிருக்கேரா, வித்துட்டேரா?” மணி அடித்துக்கொண்டே இருந்தது.

விற்கவில்லை, ஆற்றில் போட்டேன், நெய்யாற்றில், மூன்றாண்டுகளுக்கு முன், திரும்பி வரும்பொழுது. ராஜையன் எங்கள் மூத்தவன், பதினோரு மாதம், மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவே. கரமனையில் இருந்த எங்கள் பக்கத்து ஆசாரி ஈர்க்கு வைத்து அளந்து மாம்பலகையில் பெட்டி செய்தார், பாறசாலைக்கு அப்பாலுள்ள எங்கள் சபைக் கல்லறைத் தோட்டத்தில் என் தந்தைக்கருகில் வைப்பதென்று தீர்மானித்தோம். பெட்டியைப் பஸ்ஸில் ஏற்ற விதியில்லை, விதி விதிதான், நான் வாதாடவில்லை. தாசம்மாளைப் பெண்கள் அடுத்த பஸ்ஸில் அழைத்து வரட்டும் என்று சொல்லி, பெட்டியைக் கேரியரில் வைத்து, வெள்ளைத் துணியின் மேல் கயிறு கட்டி, இருபது மைல் மிதித்தேன். இருபது மைலிலும் நான் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியாது, பார்த்தால் சைக்கிள் சாயும், சாய்ந்தால்… ஒவ்வொரு குழியிலும் பின்னால் ஒரு சிறு ஓசை, பலகையோ கயிறோ அறியேன், அதை மட்டும் கேட்டேன். பாலராமபுரம் கடந்ததும் ஒரு பஸ் எனக்குப் பின்னே வந்து, சாலை குறுகலாக இருந்தமையால் முந்த இயலாமல், வெகுதூரம் என் வேகத்திலேயே ஊர்ந்து வந்து, பிறகு விலகிச் சென்றது, அதன் முன்வரிசைச் சாளரத்தில் தாசம்மாள் இருந்தாள். அப்படியானால் அவ்வளவு தூரமும் அவள் பார்த்துக்கொண்டே வந்தாள், நான் பார்க்காததை. இதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. எலிசாள் பிறந்தபொழுதும் பேசவில்லை. பெறத்தால வேண்டாம்.

“கேரியர் இல்லை அண்ணாச்சி, கூடையை மாட்டுங்க” என்றேன். அவர் என் முகத்தைச் சிறிது நோக்கினார், அதன்பின் கேரியரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை, அந்த மரியாதையை நான் மறவேன். ஆனால் கூடையைப் பற்றிச் சொன்னார். “முகத்தைப் பாத்துக்கிட்டே ஓட்டுனா ரோட்டை எவம் வே பாப்பான்?” நான் பார்ப்பேன், இரண்டையும் பார்ப்பேன், உறுதி கொண்டவனுக்கு இயலாதது யாது? கூடை தொங்கியது, எலிசாள் அதில் அமர்ந்தாள், நான் ஏறி, கடைக்கு முன்னே மெல்ல மிதித்தேன். ஆகா, முகம்! என் முகத்திற்கு ஒரு முழ தூரத்தில், நெற்றியில் மை, மேலுதட்டில் வியர்வை, இதைவிட வேறென்ன வேண்டும்… அவள் என்னைப் பார்க்கவேயில்லை. கழுத்தைத் திருப்பினாள், இடுப்பைத் திருப்பினாள், முழங்காலிட்டு எழப் பார்த்தாள், “அங்கோட்டு, அங்கோட்டு” என்றாள், அண்டை வீட்டுப் பிள்ளைகளிடம் கற்ற மலையாளம், அந்தப் பக்கமாம், எந்தப் பக்கம்? சாலையின் பக்கம். அவள் திரும்பும்தோறும் கூடை ஆடிற்று, கூடை ஆடும்தோறும் ஹாண்டில் அவள் வசமாயிற்று. “இங்க பாரு மக்களே, அப்பாவப் பாரு” என்றேன். அவள் பார்க்க மறுத்தாள். அந்தக் கணத்தில் நானும் சாலையைப் பார்க்கவில்லை, கொப்பரை ஏற்றிய கைவண்டி ஒன்று குறுக்கே வந்தது, வண்டிக்காரர் “கண்ணு கண்டூடே!”, கண் தெரியவில்லையா என்று கத்தினார், பிரேக்கைப் பிடித்துக் காலை ஊன்றிவிட்டேன், ஒன்றும் நேரவில்லை. எலிசாள் கைகொட்டிச் சிரித்தாள். யாருக்காக இந்தக் கூடை? அவளுக்காகவா? அவளை நான் பார்த்துக்கொண்டே இருந்தால் அவளுக்கு ஒன்றும் நேராது என்று எந்தப் புத்தகத்தில் படித்தேன்? ராஜையனை மூன்று நாளும் இமைக்காமல் பார்த்திருந்தேனே…

“கழட்டுங்க அண்ணாச்சி” என்றேன். அவர் ஸ்பேனரை எடுத்தார். சிறு இருக்கையை முன்பாரில் பூட்டி, எலிசாளை அதில் இருத்தி, அவள் பாதத்தைத் தம் உள்ளங்கையில் தாங்கி, கம்பி எவ்வளவு தாழ வேண்டும் என்பதைக் கையாலேயே கண்டார், ஈர்க்குமில்லை, நூலுமில்லை. நான்கு நட்டுகளையும் அவர் முறுக்கியபின் நான் மீண்டும் ஒரு முறை முறுக்கினேன், “ஒமக்கு எம்மேல நம்பிக்கையில்ல” என்றார், “இருக்கு அண்ணாச்சி, நட்டு மேலதான் இல்ல” என்றேன், இருவரும் நகைத்தோம். இடுப்பு வாரை மட்டும் நான் செய்வேன், பெரிய பேரேடுகளின் முதுகுக்கு இடும் தடித்த காலிக்கோத் துணியை நான்காக மடித்து, மெழுகு நூலால் தைத்து, என் இடுப்போடு அவள் இடுப்பைச் சேர்த்து; இன்றைக்குத் தோள் துண்டு போதும். கட்டினேன். ஏறினேன். கிள்ளிப்பாலம் தாண்டும் வரையில் நடக்கும் வேகத்தில்தான் ஓட்டினேன். என் இரு கைகளுக்கும் நடுவே அவள், ஹாண்டிலின் நடுப்பகுதியைப் பிடித்துக்கொண்டு, சாலையில் கண்டதையெல்லாம் கூவிச் சொல்கிறாள், மாடு, சாயக்கடை, இன்னொரு மாடு… முகம் தெரியவில்லை. தெரிவது உச்சந்தலை. எண்ணெய் தடவிய மெல்லிய முடிக்குள் ஒரு சுழி, நடுவிலன்று, சற்றே இடப்புறம் ஒதுங்கி, நீர் வடியும் துளையைப் போலச் சுற்றி. இவளுக்குச் சுழி இடப்புறம் என்பதை இரண்டரை ஆண்டுகளாக நான் அறியேனே! நூறு புத்தகங்களை அடுக்கினாலும் முதுகைக் கண்டு இன்னதென்று சொல்பவன், எழுத்தறியாத காலத்திலேயே அவ்வாறு சொன்னவன், சொந்தப் பிள்ளையின் தலையை இன்றுதான் பின்னாலிருந்து காண்கிறேன். கரமனைப் பாலத்தின் ஏற்றம் வந்தது. பின்னே ஹார்ன், நாகர்கோவில் பஸ், நான் ஓரம் ஒதுங்கினேன், அது கடந்தது, எலிசாள் ஒரு கையை விட்டு அதற்கு ஆட்டினாள், “பிடிச்சுக்க மக்களே” என்றேன், பிடித்துக்கொண்டாள், பஸ் தெற்கே சென்றது… ராஜையனுக்கு எந்தப் பக்கம்? நினைவைத் துழாவினேன். கண் தெரிகிறது, மூக்கு தெரிகிறது, கீழ்வரிசையில் முளைத்த இரண்டு பற்கள் தெரிகின்றன, சுழி தெரியவில்லை. தாசம்மாள் அறிந்திருப்பாள், தலைக்கு ஊற்றியவள் அவள். வாசலில் நிற்பாள், இருக்கையை அசைத்துப் பார்ப்பாள், ஒறப்பா இருக்கு என்பாள், திங்கட்கிழமை வேலைக்குப் போவாள், அது தீர்ந்த காரியம். ஆனால் இதை அவளிடம் எப்படிக் கேட்பது, அவன் பெயரைச் சொல்லியல்லவா கேட்க வேண்டும்… ஏற்றத்தில் வழக்கமாக எழுந்து நின்று மிதிப்பவன் நான். நின்றால் என் மார்பு அவள் தலையை மறைக்கும். அமர்ந்தபடியே மிதித்தேன்.