மேடையில் விரித்த கம்பளம்

“எல்லாரும் கீழ எறங்குங்க.”

சொல்லிவிட்டாள். இதை மட்டும் சொல்லாதே என்று அன்று காலைதான் அம்மா உல்கான் அவளைப் பிடித்து உட்காரவைத்துச் சொல்லியிருந்தாள். ஊர்த் தலைவரோடு சண்டை போடு, தச்சனைத் திட்டு, வேண்டுமானால் என்னையும் திட்டு. ஆனால் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களை எழுந்திரு என்று சொன்னால், அதற்குப் பிறகு இந்தத் தாஷ்-கெச்சு ஊரில் நம் கையால் யாரும் ரொட்டி வாங்கித் தின்ன மாட்டார்கள் என்று. கனிஷாய் தலையை ஆட்டிக்கொண்டுதான் வந்தாள். புது மண்டபத்தின் கதவைத் திறந்து எதிரே பார்த்ததும் தலையாட்டியது மறந்துபோயிற்று.

எதிரே மேடை. அவள் சொன்ன உயரம், சொன்ன அகலம், சொன்னபடி இழைத்த பலகை. பலகை ஒரு விரற்கடை கூடக் கண்ணில் படவில்லை. மேலே கம்பளம், கம்பளத்தின் மேல் மெத்தை, மெத்தையின் மேல் ஊரின் வெள்ளைத்தாடிகள் அத்தனை பேரும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நீளமாகத் துணி விரித்து, பொரித்த மாவுத் துண்டுகளும் வெண்ணெயும் ஜாமும் பரப்பியிருந்தது. சரியாக நடுவில், தலையணையில் சாய்ந்தபடி ஒஸ்மோன்குல் கிழவர். கீழே கூடம் முழுக்கக் காலி. வாசலை ஒட்டிச் செருப்புக் குவியல். குவியலுக்குப் பக்கத்தில் டீத்தண்ணீர் கொதிக்கும் சமோவார். சமோவாருக்குப் பக்கத்தில் அம்மா, டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ஒரு கிண்ணம் துணியின் மேல் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

ஒஸ்மோன்குல்தான் முதலில் சிரித்தார். “ஏம்மா, கூட்டிப் பெருக்கப் போறியா? நாங்க டீ குடிச்சு முடிச்சுடறோம், அப்புறம் பெருக்கிக்கோ.”

மற்றவர்களும் சிரித்தார்கள். நல்ல மனதோடுதான் சிரித்தார்கள். கனிஷாய்க்கு எரிந்ததே அதுதான். கெட்ட எண்ணத்தோடு யாராவது இதைச் செய்திருந்தால் சண்டை போட ஓர் ஆள் கிடைத்திருப்பான். இங்கே அப்படி ஓர் ஆளே இல்லை.

நடந்தது இவ்வளவுதான். மண்டபத்துக்குக் கூரை போட்ட கையோடு அவள் தலைநகர் பிஷ்கெக்குக்குப் போயிருந்தாள், மூடிப்போன நாடகக் கொட்டகை ஒன்றில் பழைய விளக்குகளைக் கெஞ்சி வாங்க. அந்த நேரத்தில் தச்சர்கள் மேடையை முடித்தார்கள். பார்க்க வந்த ஒஸ்மோன்குல் கதவைத் திறந்தார். வாசலுக்கு நேர் எதிரே, கூடத்தின் கடைசியில், உயர்த்திக் கட்டிய ஒரு தளம். வேறு என்னவென்று நினைப்பார்? இந்த ஊரில் எந்த வீட்டில் நுழைந்தாலும், மலைமேல் எந்தக் கூடாரத்தில் நுழைந்தாலும், வாசலுக்கு எதிரே இருப்பது தோர். மதிப்புள்ளவன் உட்காரும் இடம். வாசலிலிருந்து எவ்வளவு தள்ளி உட்காருகிறாய் என்பதை வைத்துத்தான் நீ யார் என்பது. இங்கேயோ தோரை இடுப்பு உயரத்துக்குத் தூக்கியே கட்டியிருக்கிறார்கள். கிழவருக்குக் கண் கலங்கிவிட்டதாம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் நம்மை மறக்கவில்லை என்று சொல்லி, பூட்ஸைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் விரித்து மண்டபத்துக்கு ஆசி கொடுத்தார். மறுநாள் மற்றவர்கள் வந்தார்கள். அதற்கடுத்து கம்பளம் வந்தது. முதுகில் காற்றடிக்கிறது என்றார்கள், நடிப்பவர்கள் வந்துபோகப் பக்கவாட்டில் விட்டிருந்த வழியைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்க ஏதோ இருக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

“இது உக்கார்றதுக்குக் கட்டினது இல்ல தாத்தா” என்றாள் கனிஷாய். “மேடை. நின்னு ஆடறதுக்கு, பாடறதுக்கு.”

“தோர்லயா?”

“மேடையில.”

“அப்ப நாங்க எங்க உக்கார்றது?”

“கீழ. மொத வரிசையில நாற்காலி போட்டு.”

ஒஸ்மோன்குல் அருகில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார். “கேட்டியா? ஊர் மருமகளுங்க மேல நின்னு குதிப்பாங்களாம். நாம கீழ உக்காந்து அவங்க காலப் பாக்கணுமாம்.”

இந்த முறை சிரிப்பில் கொஞ்சம் முள் இருந்தது.

ஊர்த் தலைவர் சாபர் குறுக்கே வந்தார். மூன்று கால் குச்சியில் தொலைபேசியைப் பொருத்திக்கொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டு வந்து அவள் முழங்கையைப் பிடித்தார். மாஸ்கோவில் வேலை செய்யும் நம் ஊர்ப் பெண்கள் இப்போது கூப்பிடப் போகிறார்கள், சண்டையை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று காதோரம் கெஞ்சினார். கூடத்தைச் சூடாக்கும் அடுப்புக்கும் கொதிகலனுக்கும் அந்தப் பெண்கள்தான் பணம் தர வேண்டும். அவர்கள் நம்புவது உன் ஒருத்தி முகத்தைத்தான், என் முகத்தைப் பார்த்தால் பொத்தானைக்கூட அவிழ்த்துத் தர மாட்டார்கள் என்றார்.

அது உண்மை. இந்த மண்டபத்துக்குக் கேட்டது அவள்தான். ஊருக்கு ஓர் ஆடரங்கு வேண்டும் என்று சொன்னபோது சாபரே சிரித்தவர். கனிஷாய் ஊர் மருமகள்களைச் சேர்த்துக் குழு அமைத்தாள், லாரியின் பின்தட்டை மேடையாக்கினாள், கோடையில் மேய்ச்சல் நிலம் நிலமாக ஏறி நாடகம் போட்டாள். பார்த்தவர்கள் உலர்ந்த தயிருருண்டையும் கம்பளி மூட்டையும் ஆட்டுக்குட்டியும் கொடுத்தார்கள். எல்லாம் சிமெண்டாயிற்று. பள்ளியில் ஒன்றாகப் படித்து முடித்த ஒவ்வொரு கூட்டத்தையும் தனித்தனியாகப் பிடித்து, போன வருடக்காரர்கள் ஜன்னல் கொடுத்தார்கள், நீங்கள் கதவுகூடக் கொடுக்கவில்லையே என்று ரோஷத்தைக் கிளப்பினாள். சுவர் எழுப்ப ஊரே கூலியில்லாமல் கைகொடுத்தது. மீதி மாஸ்கோ. அங்கே சுரங்க ரயில் நிலையத்தில் தரை துடைக்கும் குல்சுன் அக்கா, தங்கும் விடுதியில் இருக்கும் ஊர்ப் பெண்களிடம் ஒவ்வொரு சம்பளத்தன்றும் கையேந்தினாள். அனுப்பும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்பாள். மேடை வருமா? வரும் அக்கா என்பாள் கனிஷாய்.

குழுவில் முக்கியமான குரல் ஜிபெக்குடையது. அவள் மாமியார் லாரியில் ஏறக் கூடாது என்று போன வருடமே நிறுத்திவிட்டாள். ஒழுங்கான கட்டடம், ஒழுங்கான மேடை, நாலு பேர் நிமிர்ந்து பார்க்கும்படி இருந்தால் அனுப்புகிறேன் என்றாள். அவளைப் பார்த்து மற்ற மாமியார்களும் அதையே சொன்னார்கள். மண்டபம் எழும்பும் வரை பெண்கள் வாயை மூடிக்கொண்டு பால் கறந்தார்கள்.

“நாடகம் வேணாம்னு யாரு சொன்னா?” ஒஸ்மோன்குல் இப்போது சமாதானக் குரலில் பேசினார். “ஆடுங்க. பாடுங்க. அதோ அவ்வளவு எடம் காலியா கெடக்கு. வாசப்பக்கம் நின்னு ஆடினா நாங்க இங்கேருந்து நல்லாப் பாப்போம். எங்க காது இன்னும் செத்துப் போகல.”

“செருப்பு கெடக்குற எடத்துலயா?”

“செருப்ப அந்தாண்ட தள்ளிக்கோயேன்.”

கனிஷாய் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சமோவாரின் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜிபெக்கின் மாமியாரிடம் போய் என்ன சொல்வது? உன் மருமகள் வாசலில், சகதி பூட்ஸுகளுக்கு நடுவே, கதவு திறக்கும்போதெல்லாம் பனிக்காற்று வாங்கிக்கொண்டு பாடுவாள், மேலே மாமனார்மார் டீ குடிப்பார்கள் என்றா? அந்தம்மா கதவைச் சாத்துவாள். சாத்துவதுதான் நியாயம்.

அதற்குள் ஒஸ்மோன்குல் யாருக்கோ சைகை காட்டினார். மடித்து வைத்திருந்த ஒரு சப்பான் வந்தது, கறுப்பு வெல்வெட்டில் பொன்னிற வேலைப்பாடு செய்த நீள அங்கி. கல்யாணத்துக்கு வரும் சம்பந்திக்கும் தேர்தலில் ஜெயித்தவனுக்கும் போர்த்துவது.

“நீ கோவக்காரி. உங்கப்பன் வாயத் தொறக்காத ஆளு, அவனுக்குச் சேத்து நீ பேசற. பரவால்ல. படிச்ச பொண்ணு, இந்த ஊருக்கு இவ்வளவு பெரிய தோர் கட்டிக் குடுத்தவ. வா, எம்பக்கத்துல உக்காரு.”

கூடத்தில் ஒரு சலசலப்பு. அவள் வயதில் ஒரு பெண் பெரியவர்களோடு தோரில் உட்கார்ந்ததாக யாருக்கும் நினைவில்லை. அம்மா நிமிர்ந்தாள். அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டாம். கனிஷாயின் அப்பா அடுத்தவர் ஆட்டை மேய்த்தவர். எந்த விருந்துக்குப் போனாலும் வாசலோரம், குளிரில், கறி கைமாறி வந்து சேரும்போது எலும்பு மட்டும் மிஞ்சும் இடத்தில் உட்கார்ந்தவர். மிச்சமிருந்த இரண்டு குதிரைகளை விற்று மகளைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு, அவள் பட்டம் வாங்குமுன் போய்ச் சேர்ந்தார். வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இப்போது தோரில் உட்காரப் போகிறாள். அம்மா உதடு அசைந்தது. ஏறு என்றாள், சத்தமில்லாமல்.

கனிஷாய் ஏறினாள். அம்மாவுக்காக ஏறினாள். அங்கியைக் கிழவரே தோளில் போர்த்தினார். அது கனமாகவும் வெதுவெதுப்பாகவும் இருந்தது. கையில் கிண்ணம் வந்தது, முதுகுக்குப் பின்னால் தலையணை வந்தது. உட்கார்ந்து எதிரே பார்த்தாள்.

எல்லாம் தெரிந்தது. கூடத்தின் ஒவ்வொரு மூலையும், கதவு நிலையும், கதவோரம் கைப்பிடி அளவுக்குச் சிறுத்துப்போன அம்மாவும். நல்ல மேடை, கடவுளே. உயரம் அவ்வளவு கச்சிதம். இங்கே நின்று ஜிபெக் மெல்லச் சொன்னால்கூடக் கடைசி ஆளுக்குக் கேட்கும். அப்படித்தான் கணக்குப் போட்டாள், மூன்று பொழுது தச்சனோடு கத்தினாள். அந்த உயரத்தில் உட்கார்ந்து வெண்ணெய் தடவித் தின்கிறார்கள். இதமாக இருக்கிறது. இங்கிருந்து எவனும் இறங்க மாட்டான். இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால் அவளும் இறங்க மாட்டாள், ‘வாசல்பக்கம் ஆடினால் என்ன’ என்று அவள் வாயே சொல்லும். அங்கே, அந்த இடத்தில் முடிவாயிற்று. கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

தொலைபேசி அடித்தது. சாபர் ஓடிப்போய்த் தொட்டார். திரையில் குல்சுன் அக்காவின் முகம், ஈரத் தலையில் துண்டு. பின்னால் இரண்டடுக்குக் கட்டில்களில் பெண்கள் நெருக்கியடித்து எட்டிப் பார்த்தார்கள்.

“ஐயோ பாருங்கடி, நம்ம கனிஷாய் சப்பான் போட்டுருக்கா. தோர்ல உக்காந்துருக்கா” என்றாள் குல்சுன். “சரி சரி, தள்ளுங்க. மேடையக் காட்டுங்க, நாங்க பாக்கணும்.”

“இதான் அக்கா மேடை” என்று சாபர் அவசரமாகச் சொன்னார். “பெரியவங்க எல்லாம் ஆசி குடுக்க ஏறி உக்காந்துருக்காங்க.”

“ஓ. அப்ப எறங்கினப்புறம் காட்டுங்க.”

ஒஸ்மோன்குல் தாடியைத் தடவினார். கனிஷாய் எழுந்து நின்றாள். அந்த மேடையில் முதன்முதலாக எழுந்து நின்ற பெண் அவள்தான்.

“எறங்க மாட்டாங்க அக்கா. கேட்டுப் பாத்துட்டேன். நாங்க செருப்புப் பக்கம் நின்னு ஆடணுமாம். நான் மேடைன்னு சொல்லித்தான் உங்ககிட்ட வாங்கினேன், இது மேடை இல்ல. இனிமே இதுக்கு எதுவும் அனுப்பாதீங்க.”

“கனிஷாய்” என்றார் சாபர்.

“அடுப்புக்கும் அனுப்பாதீங்க. சூடு வேணும்னா இவங்களே ஏற்பாடு பண்ணிக்கட்டும்.”

திரையில் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குல்சுன் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள். திரும்ப நிமிர்ந்தபோது கண் வறண்டிருந்தது. “அப்ப நாங்க இத்தன நாளு துடைச்ச தரை?” என்று கேட்டாள்.

“அது எம்மேல. இன்னொன்னு கட்டுவேன். மொதல்லேருந்து.”

சாபர் தொலைபேசியைக் குச்சியோடு தூக்கித் திருப்பிவிட்டார். அதிலிருந்து பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசும் இரைச்சல் சுவரைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.

“நாளைக்குப் பட்டணத்துக்கு ஓடிருவா, பாருங்க” என்றார் ஒரு தாடி.

“ஓட மாட்டேன் தாத்தா. இங்கேதான் இருப்பேன். உங்க கண்ணுக்கு முன்னாடிதான்.”

கனிஷாய் அங்கியைக் கழற்றி, தான் உட்கார்ந்திருந்த மெத்தையில் மடித்து வைத்தாள். குதித்து இறங்கினாள்.

வாசலில் அம்மா மறித்தாள். கண்ணில் நீர், குரலில் கோபம். “ஒரு மணி நேரம் உக்காந்திருக்கக் கூடாதா? உங்கப்பாவுக்காக?”

“அப்பாவ ஒரு நாள் மேல கூப்ட்டாங்களாம்மா?”

அம்மா வழி விடவில்லை. கனிஷாய் அவளை அணைத்துக்கொள்ளவில்லை, அப்போது அதற்கு மனம் வரவில்லை. தோளைத் தொட்டு ஓரமாக நகர்த்தினாள். ஜிபெக்கின் மாமியாரிடம் அவளே போய்ச் சொல்லிவிட வேண்டும், ஊர் வாயில் நுழைந்து வேறு வடிவத்தில் போய்ச் சேருமுன். மேடை இல்லை, ஏமாந்துவிட்டோம், ஆனால் இந்த முறை இடத்தை மாமியார்களே பார்த்துச் சொல்லட்டும், அவர்கள் காட்டும் நிலத்தில்தான் முதல் கல் என்று. அந்தம்மா திட்டுவாள். திட்டட்டும்.

பூட்ஸின் வாரைக்கூட இழுத்துக் கட்டாமல் வெளியே நடந்தாள்.