வைட்டோருவின் தண்ணீரும் நோலீனின் பற்களும்

"வலிக்காதுடி. மூக்குல ஒரு குழாய வைப்பாங்க. நல்லா இழுத்து ஒரு மூச்சு விடுவ, அவ்வளவுதான். முழிச்சுப் பாக்கறப்ப எல்லாம் முடிஞ்சிருக்கும்."

"எல்லாமேவாம்மா?"

"பின்ன? பாதிய எடுத்துட்டு மீதிய ஞாபகார்த்தமா வச்சுக்கவா? அந்த வெண்ணெய இங்க தள்ளு."

நோலீன் வெண்ணெயைத் தள்ளினாள். அம்மா தெல்மா ரொட்டித் துண்டுகளின் ஓரத்தைச் சீவிக்கொண்டிருந்தாள். மதியம் ஊர்மன்றத்தில் கூட்டம். கூட்டத்துக்குப் போகும் பெண்கள் ஆளுக்கொரு தட்டு கொண்டுபோக வேண்டும். தெல்மா பெட்டிக்ரூவின் தட்டில் ஓரம் பிசிறடித்த ரொட்டியை வைட்டோரு ஊர் இதுவரை பார்த்ததில்லை.

"முன்பல்லெல்லாம் நல்லாத்தானே இருக்கு? பல் டாக்டர் லாக்கியரே சொன்னாரு."

"இன்னிக்கு நல்லாருக்கும். புள்ளைக்கு ஒரு பல்லுன்னு கணக்கு, தெரியுமில்ல? மூணு பெத்தா மூணு போகும், கூடவே தூக்கமும் போகும். அந்தச் செலவையெல்லாம் ட்ரெவர் தலையிலயா கட்டறது? பெட்டிக்ரூ வீட்டுக்காரங்க பொண்ண ஓட்டையும் உடைசலுமா அனுப்பிட்டாங்கன்னு அவங்கம்மா ஊரெல்லாம் சொல்ல மாட்டா?"

"ட்ரெவர் அப்படியெல்லாம் நினைக்க மாட்டாரு."

"ட்ரெவர் எதையுமே நினைக்க மாட்டான். நல்ல பையன். அவங்கம்மா நினைப்பா."

நோலீன் சிரித்துவிட்டாள். சிரிக்கும்போது அவளுடைய முன்பற்கள் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று லேசாகச் சாய்ந்து தெரிந்தன. கடைவாயில் சொத்தைக்கு அடைத்த பற்கள் நாலைந்து. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வரும் வெள்ளிக்கிழமை அவளுக்கு இருபத்தொரு வயது நிறைகிறது. ஈஸ்டர் முடிந்ததும் ட்ரெவரோடு கல்யாணம். நல்ல குடும்பங்களில் மகளுக்கு இருபத்தொன்று ஆனால் கொடுக்கும் பரிசு ஒன்றுதான்: இருக்கிற பல்லையெல்லாம் எடுத்துவிட்டு, ஆயுசுக்கும் உழைக்கிற மாதிரி முழு செட் பல். புருஷன் வீட்டுக்கு அவள் தீராத செலவாகப் போய் இறங்கக் கூடாது.

தெல்மாவுக்கும் அப்படித்தான் நடந்தது. அவளுடைய அப்பா ஆல்பர்ட் ஸ்டேஸ் ஒரு பசுவை விற்று அந்தப் பல்லை வாங்கிக் கொடுத்தார். அன்று தொடங்கிய சிரிப்பு. மாதர் சங்கத் தலைவி, தேவாலயத்தில் முதல் வரிசை, மேடையேறினால் மைக் வேண்டாத குரல். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். தெல்மாவுக்குப் பல் போன பிறகுதான் சொல்லே வந்தது. அந்தப் பல் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. கட்டின புருஷன் கிளாரிகூடப் பார்த்ததில்லை. விளக்கை அணைத்த பிறகுதான் கழற்றுவாள், அவன் எழுமுன் மாட்டிவிடுவாள். அதில் அவளுக்கு ஒரு ராணியின் பெருமிதம்.

"கூட்டத்துல நீ என்ன பேசப் போற?" என்று நோலீன் கேட்டாள்.

"உங்க தாத்தாவப் பத்திப் பேசப் போறேன். வேற என்ன?"

வைட்டோருவில் பழமும் பெருமை, தண்ணீரும் பெருமை. ஆப்பிளில் வரும் பணம் ஊருக்குச் சோறு போட்டது; தண்ணீரோ பேச்சுக்குத் தீனி போட்டது. முப்பது வருஷத்துக்கு முன் ஆல்பர்ட் ஸ்டேஸ் தண்ணீர் தேடிக் குழாயை மண்ணுக்குள் இறக்கிக்கொண்டே போனார். ஊரே நின்று சிரித்தது. பிறகு ஒருநாள் தண்ணீர் தானாகவே பீறிட்டுக் கிளம்பி, சிரித்தவர்கள் எல்லோரையும் தொப்பியோடு நனைத்தது. பம்பு வேண்டாம், மருந்து வேண்டாம், வடிகட்ட வேண்டாம். தலைநகர் வெலிங்டனில் உள்ள சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகிறவர்கள் பாட்டிலில் நிரப்பிக்கொண்டு போவார்கள், அங்கே வருகிற தண்ணீரில் டீ போட்டால் டீ மாதிரி இருக்காது என்று. ஊர்மன்றத்து வாசலில் ஒரு குழாய், அதற்கு மேலே ஆல்பர்ட்டின் பெயர் பொறித்த பித்தளைத் தகடு. தெல்மா வாரந்தோறும் அதைத் துலக்கிவிட்டு வருவாள்.

அந்தத் தண்ணீரில்தான் இப்போது ஃப்ளோரைடு என்று ஏதோ ஒன்றைக் கலக்க வேண்டுமாம், பிள்ளைகளின் பல் சொத்தையாகாமல் இருக்க. நகரசபையில் யோசனை வந்த நாளிலிருந்து ஊர் இரண்டாகக் கிடந்தது. இறைச்சிக் கடையில் ஒரு பேச்சு, முடிதிருத்தும் கடையில் இன்னொரு பேச்சு. எலி மருந்து என்றார்கள். கோழி முட்டை போடாது என்றார்கள். இல்லை, இனி பிள்ளைகள் பல்வலியில் அலற வேண்டியதில்லை என்றார்கள். இன்று மதியம் கை தூக்கி முடிவு சொல்லிவிடுவது என்று மேயர் அறிவித்திருந்தார்.

*

சனிக்கிழமை கடையடைத்த நேரம். மன்றத்தில் நாற்காலி போதாமல் ஆண்கள் சுவரோரம் நின்றார்கள். வாசலில் கிளாரி தன் தோட்டத்து முதல் ஆப்பிளை ஒரு மரப்பெட்டி நிறையக் கொண்டுவந்து வைத்திருந்தான். வந்தவர்கள் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். பெரியவர்கள் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்கள். சிறுபிள்ளைகள் கடித்தார்கள். தெல்மா எப்போதும்போல் கைப்பையிலிருந்து முத்துப்பிடி போட்ட சின்னக் கத்தியை எடுத்து, மெல்லிய சீவல்களாக நறுக்கி ஒவ்வொன்றாகச் சாப்பிட்டாள். அந்த நளினத்தைப் பார்த்து இளம்பெண்கள் சிலர் தாங்களும் கத்தி வாங்கியிருந்தார்கள்.

முதலில் பல் டாக்டர் லாக்கியர் எழுந்தார். தெல்மாவின் பல்லை எடுத்தது அவருடைய அப்பா. இப்போது இவருக்கும் அதே அறை, அதே நாற்காலி. பேசத் தெரியாத மனுஷர். தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே நின்றார்.

"நம்ம தண்ணியில கெடுதல் இருக்குன்னு நான் சொல்லல. இதவிடச் சுத்தமான தண்ணி எங்கயும் கிடையாது. அதுதான் சிக்கலே. அதுல ஒண்ணுமே இல்ல. சில ஊர்ல மண்ணே இந்த உப்ப தண்ணியில கொஞ்சம் கலந்து குடுத்துடுது. அங்க புள்ளைங்களுக்குப் பல்லு கெட்டியா இருக்கு. நம்ம மண்ணு குடுக்கல. நாம ஒரு சிட்டிகை சேத்துக்கலாங்கறேன்."

"சிட்டிகையா, கரண்டியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஒரு சின்னக் கேள்வி கேக்கறேன்," என்றார் லாக்கியர். "முப்பது வயசுக்கு மேல, வாய்ல சொந்தப் பல்லோட இருக்கறவங்க கை தூக்குங்க."

மன்றம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டது. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கைகள் எழுந்தன. பாதிரியார் தூக்கிய கையைப் பாதியிலேயே இறக்கிக்கொண்டார். யாரோ களுக்கென்று சிரிக்க, எல்லோருமே சிரித்தார்கள். எல்லாம் வரிசையாக, வெள்ளையாக, கடையில் செய்த சிரிப்பு.

"பள்ளிக்கூடத்துல பல் பாக்கற ரூமுக்குப் புள்ளைங்க என்ன பேர் வச்சிருக்காங்க தெரியுமில்ல? கொலைக்கூடம்," என்று சொல்லிவிட்டு லாக்கியர் உட்கார்ந்தார்.

தெல்மா எழுந்தாள். கையுறையைச் சரிசெய்தாள். மேடைக்குப் போகும்வரை ஒரு நாற்காலி கூடக் கிரீச்சிடவில்லை.

"மிஸ்டர் லாக்கியர், ஒரு சந்தேகம். இந்த மன்றத்துல உக்காந்திருக்கறவங்க பல்லுல பாதி, நீங்களும் உங்கப்பாவும் பிடுங்கினதுதானே? இப்ப திடீர்னு எங்க பல்லு மேல என்ன பாசம்?"

மன்றம் குலுங்கியது. லாக்கியரும் சிரித்தார், ஆனால் களைப்பாக.

"பிடுங்கிப் பிடுங்கிக் கை வலிக்குது, மிஸஸ் பெட்டிக்ரூ."

"அப்ப வலிக்குத் தைலம் தடவிக்கோங்க. எங்க தண்ணியில ஏன் தடவறீங்க?"

இந்த முறை சுவரோரம் நின்றவர்கள் விசிலடித்தார்கள். தெல்மா காத்திருந்தாள். பிறகு குரலை இறக்கினாள். அப்பாவைப் பற்றிச் சொன்னாள். குழாய் இறங்க இறங்க ஊர் சிரித்ததை, அம்மா வெட்கப்பட்டுக் கடைக்குப் போகாமல் இருந்ததை, தண்ணீர் வந்த அன்று அப்பா தன் தொப்பியைக் கழற்றி அதில் பிடித்து, முதல் வாய் தனக்குக் கொடுத்ததை. நாலைந்து பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"அந்தத் தண்ணிய யார் யாரோ வந்து திருத்த வேண்டியதில்ல. ஒண்ணு மட்டும் சொல்றேன். என் வாய்க்குள்ள என்ன போகணும், என்ன போகக் கூடாதுன்னு நான்தான் சொல்லணும். நகரசபை சொல்லக் கூடாது, டாக்டர் சொல்லக் கூடாது, பெத்த அப்பன்கூட..."

கடக்.

மூன்றாவது வரிசையிலிருந்து வந்தது சத்தம். அமைதியான மன்றத்தில் காய்ந்த கிளை முறிந்த மாதிரி இருந்தது. எல்லோரும் திரும்பினார்கள். நோலீன், கன்னம் உப்ப, கையில் கடித்த ஆப்பிளோடு, காது வரை சிவந்துபோய் உட்கார்ந்திருந்தாள். மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

தெல்மாவுக்கு வந்த சொல் மறந்துபோயிற்று. அந்தச் சத்தம் அவள் தாடைக்குள் எங்கோ போய்த் தொட்டது. தோல் கிழிந்து, சாறு தெறித்து, ஈறு வரை குளிர்கிற அந்த முதல் கடி. எப்பேர்ப்பட்ட பல் என் மகளுக்கு! என்று நெஞ்சு விம்மியது. யோசிக்காமலே கையை நீட்டிவிட்டாள்.

"கேட்டீங்களா? எம் பொண்ணு! பொறந்ததுலேருந்து இந்தத் தண்ணியத் தவிர வேற தண்ணி குடிச்சதில்ல. ஒரு பொடி கிடையாது, ஒரு மருந்து கிடையாது. அந்தக் கடியப் பாருங்க! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

மன்றம் எழுந்து நின்று கைதட்டியது. கிளாரி தொப்பியை ஆட்டினான். தெல்மா சிரித்தபடியே முதல் வரிசையைப் பார்த்தாள். லாக்கியர் மட்டும் கைதட்டவில்லை. நோலீன் கடைவாயின் அடைப்புகள் எல்லாம் அவர் கை வேலை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் பேச்சு கவிழ்ந்துவிடும். அவர் சொல்லவில்லை. தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது அவர் கண்ணில் கோபம் இல்லை, ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை பல் எடுக்க முதல் ஆளாக யார் வருகிறார்கள் என்று அவருக்கும் பெட்டிக்ரூ வீட்டுக்கும்தான் தெரியும்.

மேயர் கை தூக்கச் சொன்னார். வேண்டாம் என்று எழுந்த கைகளை எண்ணவே தேவைப்படவில்லை. நோலீன் மட்டும் எந்தப் பக்கமும் கை தூக்காமல் உட்கார்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமை வரை அவளுக்கு ஓட்டு கிடையாது.

*

வாசலில் தெல்மாவை விடவில்லை. கை குலுக்கினார்கள், தோளில் தட்டினார்கள். பித்தளைத் தகடு வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. ட்ரெவரின் அம்மாவே வந்து, "உங்களோட சம்பந்தம் பண்றதுல எங்களுக்குத்தான் பெருமை," என்றாள். ஆண்கள் கிளாரியை இழுத்துக்கொண்டு மதுக்கடைப் பக்கம் போனார்கள். அம்மாவும் மகளும் காலித் தட்டோடு வீட்டுக்கு நடந்தார்கள்.

காற்றுத் தடுப்புக்கு நட்ட பாப்லர் மரங்களின் நிழல் வழி நெடுகக் கிடந்தது. தெல்மா நிமிர்ந்து நடந்தாள். அப்பா இருந்திருந்தால் இன்றைக்குத் தொப்பியை வானத்தில் எறிந்திருப்பார்.

"கோவமா, அம்மா?"

"எதுக்கு?"

"நீ பேசறப்ப கடிச்சதுக்கு. நெஞ்செல்லாம் படபடன்னு இருந்துச்சு. கையில ஆப்பிள் இருந்துச்சா, தெரியாம கடிச்சுட்டேன்."

"அடி அசடு, அதாலதானே ஜெயிச்சோம்." தெல்மா சிரித்தாள். "அந்தச் சத்தத்தக் கேட்டு எத்தன வருஷமாச்சு தெரியுமா? நான் கடிச்சாலும் அப்படித்தான் கேக்கும். ஆப்பிள் பறிக்கற காலத்துல, மரத்துலேருந்தே..."

அவள் நிறுத்திக்கொண்டாள். தன் வாயிலிருந்து வந்த பேச்சு தனக்கே புதிதாக இருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கையுறை போட்ட விரல்கள் கைப்பைக்குள் கத்தியின் முத்துப்பிடியைத் தேடின. மேடையில் பாதியில் நின்றுபோன வாக்கியம் இப்போது வந்து பக்கத்தில் நடந்தது. பெத்த அப்பன்கூட.

வேலிக் கதவு வந்தது. நோலீன் அதைத் திறக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் இன்னும் அந்தப் பாதி ஆப்பிள், கடித்த இடம் பழுப்பேறிப்போய்.

"அம்மா, இன்னிக்கு நீ பேசினப்ப எனக்கு அவ்வளவு பெருமையா இருந்துச்சு. எங்கம்மா, எங்கம்மான்னு எழுந்து நின்னு கத்தணும்போல. நெஜமாத்தான் சொல்றேன்."

"சரி, அதுக்கு ஏன் கண்ணுல தண்ணி?"

"வெள்ளிக்கிழமை போடின்னு நீ சொன்னா போயிடறேன். தாத்தா உனக்குச் செஞ்சத நீ எனக்குச் செய்யற. அது எனக்குப் புரியுது. வேணாம்னு சொல்ல மாட்டேன்." அவள் அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தாள். "ஆனா என் வாய்க்கு நான்தானே சொல்லணும்? எதுக்குச் சரின்னு சொல்றேன்னு எனக்குத் தெரியணுமில்ல?"

தெல்மாவின் உதடுகள் தானாகவே மூடிக்கொண்டன.

"அப்பா வர்றதுக்கு நேரமாகும். வீட்டுல நாம ரெண்டு பேருதான்," என்றாள் நோலீன். "ஒரே ஒரு தடவ, பல்லக் கழட்டிட்டு என்னப் பாத்துச் சிரிம்மா."