கிலோவுக்கு இருநூறு

எங்கள் கிடங்கு மேஸ்திரிக்கு ரெட்டைமூட்டை தரவேண்டிய கடன் மூவாயிரத்து அறுநூறு ரூபாய். அதற்கு ஈடாக அவன் பெண்டாட்டியின் தையல் மிஷின் மேஸ்திரி அறையில் நின்றது. அதை அவள் மிதித்தால்தான் வீட்டில் அடுப்பெரியும்.

ஒரே ஆள் இரண்டு மூட்டை கனம், அதனால் அந்தப் பெயர். கிடங்கில் நாங்கள் சுமப்போம். அவன் உட்கார்ந்தபடி கோணி ஊசியால் மூட்டைகளின் வாயைத் தைப்பான்.

ஒரு நாள் மேஸ்திரி அவனை மூட்டைத் தராசில் ஏற்றினார். நூற்றிருபத்தொரு கிலோ.

"ஒரு கிலோ குறைச்சா இருநூறு கழிச்சுக்கிறேன். பதினெட்டு கிலோ குறை, மிஷினைத் தூக்கிட்டுப் போ."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"உன் தொப்பை மேல சத்தியம்டா!"

நாங்கள் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. மறுநாளே சோற்றைப் பாதியாக்கினான். தராசு முள் மளமளவென்று இறங்கியது. ஆனால் தண்ணீர்ப் பானையை விட்டு அவன் நகரவில்லை. குடிப்பான், கொல்லைக்கு ஓடுவான், மூச்சிரைக்கத் திரும்புவான்.

"மூத்திரத்துலயே கடனை அடைக்கிறான் பாரு" என்றார் மேஸ்திரி. பதினோரு கிலோ போயிருந்தது.

அந்த வாரம் அவனுடைய ஊசி தொலைந்தது. கண்ணும் மங்கல், தேடிச் சலித்து வேறு ஊசி வாங்கிக்கொண்டான். நாலு நாள் கழித்துக் கிடங்கில் நாற்றம். எலி செத்திருக்கும் என்று அறுபது மூட்டையைப் புரட்டினோம். எலி இல்லை. நாற்றம் அவன் காலிலிருந்து வந்தது. செருப்பைக் கழற்றச் சொன்னோம். ஊசி உள்ளங்காலில் இருந்தது.

"வலிக்கலையாண்ணே?"

"இல்லடா. மரத்துப் போன கால்தானே."

ஆஸ்பத்திரியில் டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "இத்தனை வருஷம் உடம்புல ஏறின கொழுப்பு சர்க்கரையை இழுத்துட்டு வந்திருக்கு. அது நரம்பைக் கொன்னு, ரத்தக்குழாயை அடைச்சிருக்கு. மாரடைப்பே ஒண்ணு வந்துட்டுப் போயிருக்கு, தெரியலையா?"

"மூச்சு முட்டுச்சுங்க. வெயில்னு இருந்துட்டேன். ஆனா எடை குறைஞ்சுதுங்களே?"

"குறையலைய்யா. சர்க்கரை உன்னைத் தின்னுருக்கு. முழங்காலுக்குக் கீழ எடுத்தாகணும்."

பெண்டாட்டி சுவரில் சாய்ந்து அழுதாள். அவன் டாக்டர் பக்கம் திரும்பினான்.

"ஏங்க, அந்தக் கால் எத்தனை கிலோ இருக்கும்?"

இரண்டு மாதம் கழித்து, கட்டையை ஊன்றிக்கொண்டு கிடங்குக்கு வந்தான். மேஸ்திரி மேலும் கீழும் பார்த்தார்.

"காலை வெட்டிட்டு வந்து கணக்கு காட்டுறியா?"

"எந்த இடத்துல குறைக்கணும்னு நீங்க சொல்லலைங்களே."

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். மேஸ்திரிக்கு முகம் கறுத்தது. "சரி, ஏறு. கட்டையைக் கீழ வை. எவனும் தொடக்கூடாது, தொட்டா எடை மாறும்."

ஒற்றைக்காலில் நின்றான். அவன் ஆட, முள்ளும் ஆடியது. மூச்சு விசிலடித்தது, நெற்றியில் வேர்வை கொட்டியது, உதடு நீலம் பூத்தது. நான் கை நீட்டினேன். "கிட்ட வராதேடா" என்று அவனே கத்தினான்.

முள் நின்றது. நூற்று மூன்று.

மேஸ்திரி சுவரில் எழுதியிருந்த கடன் கணக்கை எச்சில் தொட்டு அழித்தார். "தீர்ந்துச்சு. மிஷினைத் தூக்கிட்டுப் போ. நாளையிலேர்ந்து வேற ஆள் தைப்பான்."