குடையோடு வந்தவர்

எழுத்தாளர்களுக்கு ஆட்களைக் கதைக்குள் வரவைக்கத் தெரியும், அனுப்பிவைக்கத் தெரியாது. நம் எழுத்தாளனுக்கு இந்தக் குறை கொஞ்சம் அதிகம். அவன் நாவல்களில் மாமனார்களும் தபால்காரர்களும் வருவார்கள், இரண்டு வரி பேசுவார்கள், அப்புறம் என்ன ஆனார்கள் என்று கேட்க நாதி கிடையாது. வெறும் எழுத்தில் அது செல்லுபடியாகிவிடும். படக்கதையில் ஆகுமா?

அதுவும் ஸ்கேலிடம். அவனோடு வேலை செய்யும் ஓவியனுக்குக் கல்லூரியிலேயே விழுந்த பட்டப்பெயர் அது. எழுத்தாளன் கட்டத்துக்குக் கட்டம் எழுதித் தருவதை மட்டும்தான் வரைவான். ஒரு கட்டத்தில் மேசைமேல் டம்ளர் வைத்தால், யாராவது எடுத்ததாக எழுதும்வரை அந்த டம்ளர் எல்லாக் கட்டத்திலும் உட்கார்ந்திருக்கும். பிடித்த முயலுக்கு மூன்றே கால். அந்தப் பிடிவாதத்தோடு எழுத்தாளன் இத்தனை வருடம் குப்பை கொட்டியதே பெரிய விஷயம்.

இருவரும் சேர்ந்து இப்போது செய்துகொண்டிருந்தது ஒரு வீட்டைப் பற்றிய கிராஃபிக் நாவல். கணவன், மனைவி, ஒரே மகள். மாதிரிக்கு வீடு தேடி அலைவானேன் என்று எழுத்தாளன் தன் சொந்த வீட்டையே அறை அறையாகப் படமெடுத்துக் கொடுத்துவிட்டான். முதல் அத்தியாயத்தில் நனைந்த குடையோடு ஒருவர் அந்த வீட்டுக்குள் வருகிறார். கதவோரம் குடையைச் சாய்த்துவைக்கிறார். அவருடைய பேச்சுப் பலூனில் ஒரே வரி: "கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கேன்." யாரை என்று எழுத்தாளனுக்கே தெரியாது. படிக்கிறவன் பயப்படட்டும் என்று போட்ட வரி. பிறகு கதை வேறு பக்கம் திரும்பியதில் குடைக்காரரை அவன் சுத்தமாக மறந்துபோனான்.

முடிந்த பக்கங்களைப் பார்க்க ஒருநாள் ஸ்கேலின் அறைக்குப் போனான். தையல் கடைக்கு மேலே, ஒற்றை ஜன்னல் வைத்த அறை. கீழே மெஷின் ஓடும்போதெல்லாம் மேசையில் மைப் புட்டி நடுங்கும். பக்கங்கள் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நின்றான்.

"டேய், யார்ரா இது?"

சமையலறைக் கட்டத்தில், மனைவிக்குப் பின்னால், கதவோரம் பாதித் தோள் தெரிந்தது.

"குடைக்காரர்," என்றான் ஸ்கேல்.

"இந்தக் காட்சியில அவர் கிடையாதே!"

"எப்ப வெளிய போனார்? எழுதியிருக்கறதைக் காட்டு, எடுத்துடறேன்."

எழுத்தாளன் தன் பிரதியை முன்னும் பின்னும் புரட்டினான். போகவில்லை. வந்த மனுஷர் எங்கேயும் போகவில்லை.

"சரி, மறந்துட்டேன். அதுக்காகப் பக்கத்துக்குப் பக்கம் இடம் மாத்தி மாத்தி வைப்பியா?"

கூடத்தில் இருந்தவர் சமையலறைக்கு வந்திருந்தார். அடுத்து நடையில். கடைசியாக மை போட்ட பக்கத்தில், தூங்குகிற மகளின் தலைமாட்டில் ஒரு கை.

ஸ்கேல் பிரஷ் கழுவுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அது நான் வைக்கலடா. பென்சிலை எடுக்கறப்ப அவர் அங்கதான் நிக்கறார்."

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்," என்று எழுத்தாளன் சிரித்தான். சிரிப்பு அவன் காதுக்கே நன்றாக இல்லை.

வீட்டுக்கு வந்தபோது கதவோரம் ஒரு கறுப்புக் குடை சாய்ந்திருந்தது. அடியில் தண்ணீர் தேங்கி நின்றது. ஊரில் மழை பெய்து பல வாரங்கள் ஆகியிருந்தன.

"நீங்க வாங்கினதுன்னுல்ல நெனச்சேன்," என்றாள் மனைவி. "தொடைச்சுத் தொடைச்சு என் கைதான் ஓஞ்சு போச்சு. ஈரம் போவேனாங்குது. எங்கேர்ந்து புடிச்சீங்க இதை?"

மகள் தரையில் குப்புறப் படுத்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "அது மாமாவோட குடை. யாரைக் கூட்டிட்டுப் போகணும்னு அப்பா இன்னும் சொல்லவே இல்லையாம். அதான் காத்துட்டிருக்காங்க."

"எங்கம்மா காத்துட்டிருக்காங்க?"

"என் கட்டில்ல."

ஓடிப்போய்ப் பார்த்தான். யாரும் இல்லை. மெத்தையின் ஓரம் மட்டும் ஓர் ஆள் உட்கார்ந்த அளவுக்கு அமுங்கியிருந்தது. அவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றும் அது நிமிரவில்லை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவன் கதைதான். ஆனால் இந்த ஓணான் பெற்ற மகளின் கட்டிலில் அல்லவா ஏறியிருக்கிறது.

மறுநாள் காலை, தையல் கடை திறக்குமுன்பே மாடி ஏறினான். "அவரை அழிச்சுடுடா."

ஸ்கேல் மகள் தூங்கும் பக்கத்தை எடுத்துக் காட்டினான். கையின்மேல் வெள்ளை அடித்திருந்தான். காய்ந்த வெள்ளைக்கு மேல் அந்தக் கை முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

"அப்ப வெளிய அனுப்பு. கடைசிப் பக்கத்துல ரெண்டு கட்டம் காலியா இருக்கில்ல?"

நின்றபடியே எழுதினான்: குடைக்காரர் தனியாக வெளியே போகிறார். ஸ்கேல் வரைந்து மை போட்டான். எழுத்தாளன் வீட்டுக்குப் போன் செய்தான். மகள்தான் எடுத்தாள்.

"மாமா கெளம்பிட்டாங்களாம்மா?"

"இல்லப்பா, சிரிக்கறாங்க. வெறுங்கையோட போகவா வந்தேன்னு கேக்கறாங்க." கொஞ்சம் நிறுத்தி, "என்னை ஷூ போட்டுக்கச் சொல்றாங்க," என்றாள்.

எழுத்தாளன் கட்டத்தைப் பார்த்தான். மை காய்ந்திருந்தது. குடைக்காரர் வாசல்வரை போய், தலையை மட்டும் உள்ளே திருப்பிக்கொண்டு நின்றார்.

மீதி ஒரே கட்டம். இந்தமுறை உட்கார்ந்து எழுதினான். ஸ்கேல் வாங்கிப் படித்தான்: கணவன் குடைக்காரரோடு வெளியே போகிறான்.

"மொதல் பக்கத்துலேர்ந்து கணவனுக்கு உன் மூஞ்சியத்தான்டா வச்சிருக்கேன்."

"தெரியும்."

"புதுத் தாள் எடுக்கறேன். திரும்பி வர்ற மாதிரி ஒரு கட்டம் எழுதிக் குடுத்துட்டுப் போ."

"எழுத மாட்டேன். நான் வந்தா பின்னாடியே அவரும் வருவார். நீ வரைடா, அவ ஷூ மாட்டிட்டிருக்கா."

ஸ்கேல் குனிந்து வரைந்தான். அவன் மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு தாளில் விழுந்தது. துடைக்கவில்லை.

எழுத்தாளன் வீட்டுக்கு ஓடினான். மகள் ஒற்றை ஷூவோடு கூடத்தில் நின்றாள். அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது. அதற்குள் அவன் கால்கள் வாசலுக்குத் திரும்பிவிட்டன. கதவோரம் குடை இல்லை. பக்கத்தில் யாரோ நடந்தார். ஈரத் துணியின் வாடை வந்தது.

வெளியே போனதும் திரும்பிப் பார்த்தான். கதவு திறந்தே இருந்தது. அவன் மூடியதாக எழுதவில்லை. ஆகவே ஸ்கேல் மூடி வரையவில்லை. அந்தப் பிடிவாதக்காரனைப் பெற்றவள் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்க்கையில் முதல்முறையாக மனதார வாழ்த்தினான். வழி இருக்கிறது. என்றைக்காவது, எப்படியாவது தனியாக வந்துவிடலாம்.

மகள் வாசலுக்கு வந்தாள். "கதவைச் சாத்தட்டுமாப்பா?"

"வேண்டாம்மா. தெறந்தே இருக்கட்டும்."

"ஆமா, தெறந்தே இருக்கட்டும்," என்றார் குடைக்காரர், குடையை விரித்தபடி. "எனக்கும் அதான் சௌகரியம்."

அவன் பாய்ந்துபோய்க் கதவை இழுத்தான். அது அசையவில்லை.