மேற்கு வரிசை வெளிநாடு

நானும் என் மகள் புகழினியும் எங்கள் ஊரான உறுவையாற்றை விட்டு வெளிநாட்டுக்குக் கிளம்பியது வைகாசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. போய்ச் சேர்ந்த இடம் எதிர் வீடு. இதைச் சொன்னால் எல்லாரும் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். அப்படிப் பார்க்க வேண்டிய ஆள் நான் இல்லை, என் மாமனார் குழந்தைவேல்.

என் கணவர் முத்துக்குமரன் பிரான்சில், பாரிசுக்கு வெளியே ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறார். பிள்ளை குப்புற விழுந்து தலை தூக்கிப் பார்த்த மாதத்தில் விமானம் ஏறியவர். இப்போது அவளுக்கு நாலு வயது. அவளைப் பொறுத்தவரை அப்பா என்றால் சாயங்காலம் போனில் வரும் முகம். எனக்குப் பாரிசு பார்க்கிற ஆசையெல்லாம் கிடையாது. என் பிள்ளை அவள் அப்பாவோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டும், அவர் சட்டையில் மூக்கைத் துடைக்க வேண்டும். அந்த ஒன்றுக்காகத்தான் போகச் சம்மதித்தேன்.

விசா காகிதங்கள் வந்துவிடும் என்ற தைரியத்தில் அவர் டிக்கெட் போட்டார். விழுந்தது ஞாயிற்றுக்கிழமை. மாமனார் காலண்டரைப் பார்த்தார். ஞாயிறு, மேற்கே சூலம், அந்தத் திசையில் கிளம்பக் கூடாது. பிரான்ஸ் மேற்கில்தான் இருக்கிறதா என்று பால்வாடிச் சுவரில் வரைந்திருந்த உலகப் படத்தை வேறு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இருந்தது.

இதற்கெல்லாம் வழி இல்லாமல் இல்லை. பரஸ்தானம் வைப்பார்கள். நல்ல நாளில் ஒரு பையையோ இரண்டு துணியையோ போகிற திசையில் யார் வீட்டிலாவது கொண்டுபோய் வைத்துவிட்டால், பயணம் அன்றைக்கே கிளம்பிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் எந்த நாளில் வேண்டுமானாலும் வண்டி ஏறலாம். நானும் ஒரு பையில் பிள்ளையின் கவுனையும் ஒரு துண்டையும் மடித்து வைத்தேன்.

"பைய வெச்சா பை போவும். புள்ள போவ வேணாமா?" என்றார் மாமனார்.

"இன்னா மாமா சொல்றீங்க?"

"முதப் பயணம். கடல் தாண்டிப் போற புள்ள. ஆளே போவணும். எதுத்த வூட்டுல நமச்சிவாயத்துகிட்ட சொல்லிட்டேன். மேற்கு வரிசை. மூணு நாளு இருந்துட்டு அப்படியே ஏர்போர்ட்டு போயிடுங்க."

நமச்சிவாயம் வில்லியனூரில் உரக்கடை வைத்திருப்பவர். அவரும் அவர் மனைவி சிவகாமசுந்தரி அக்காவும் மட்டும்தான் அந்த வீட்டில். நல்ல மனிதர்கள். மூன்று நாள்தானே என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். அதுதான் நான் செய்த பைத்தியக்காரத்தனம்.

வெளிநாட்டுப் பயணம் நடந்து போகிற பயணமா என்று மாமனார் கார் வேறு பிடித்தார். தெருவே கூடிவிட்டது. பக்கத்து வீட்டு ஆதிலட்சுமி என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி முறித்தாள். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. கார் பிள்ளையார் கோயில் வரைக்கும் போய், சுற்றிக்கொண்டு திரும்பி வந்து, எதிர் வீட்டு வாசலில் எங்களை இறக்கிவிட்டது. கிளம்பும்போது கையாட்டிய மாமனார், நாங்கள் இறங்கும்போது சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். போனவர்களை உடனே பார்க்கக் கூடாதாம். தோள் குலுங்கியது. மாமியார் இல்லாத அந்தப் பெரிய வீட்டில் அவர் தனியாக உள்ளே போனதைப் பார்த்தபோது நானும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன், பொய் சொல்ல மாட்டேன்.

சனிக்கிழமை காலையில் என் கணவர் போன் செய்தார். பயணம் தள்ளிப்போய்விட்டது. அவர் பார்த்து வைத்திருந்த வீடு ஒரு குழந்தை வளரப் போதாது என்று அங்கே சொல்லிவிட்டார்களாம். ஆளுக்கு இத்தனை இடம் என்று சட்டம் இருக்கிறதாம். வேறு வீடு பார்க்க வேண்டும், மறுபடி எழுதிப் போட வேண்டும்.

நான் பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினேன். எதிரே மாமனார் இரண்டு கையையும் நீட்டி மறித்தார்.

"அங்கியே நில்லு! தாண்டின, பயணம் முறிஞ்சிபூடும். கலைவேந்தன் கதை தெரியும்ல?"

கலைவேந்தன் அவருடைய பங்காளி மகன். துபாய்க்குப் பரஸ்தானம் போனவன், மறந்துவிட்ட சார்ஜரை எடுக்க வீட்டுக்குள் நுழைந்தான். இன்றைக்கு வரைக்கும் வில்லியனூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கவர் விற்றுக்கொண்டிருக்கிறான். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. பயம் இருந்தது. நான் பாட்டுக்குத் தாண்டிப் போய், நாளைக்கு விசா வராமல் போனால், காலத்துக்கும் என் தலையைத்தானே உருட்டுவார்கள்? திரும்பி உள்ளே போனேன்.

இப்படித்தான் நாங்கள் வெளிநாட்டில் குடியேறினோம்.

முதல் வாரம் பிள்ளை அழுத அழுகையைச் சொல்லி மாளாது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எதிரே தெரிகிற எங்கள் வீட்டைக் காட்டி, "நம்ப ஊருக்குப் போலாம்மா" என்பாள். சாப்பாடு இறங்கவில்லை. கருவாட்டுக் குழம்பில் பிசைந்து தின்று வளர்ந்த பிள்ளை. இந்த வீட்டிலோ முட்டையின் பெயரைக்கூட யாரும் சொல்வதில்லை. எங்கள் வீட்டில் உப்பு வேண்டுமென்றால் கொல்லைப்புறத்திலிருந்து கத்துவோம். இங்கே ஒருவர் அருகில் இன்னொருவர் போய் நின்று, "கொஞ்சம் உப்பு வைங்க" என்பார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டைகூட வாங்க போங்கவென்றுதான் நடந்தது. என் பிள்ளை அதை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

மாமனார் தினமும் சாயங்காலம் வீடியோ காலில் வந்தார். அவர் வீட்டு வாசலில், நான் இந்த வீட்டு வாசலில். அவர் பேசுவது முதலில் தெருவில் கேட்கும், அப்புறம் போனில் கேட்கும்.

"அங்க இன்னா மணி?"

"ஆறரை மாமா."

"இங்கியும் அதான் காட்டுது," என்று ஆச்சரியப்பட்டார். "மழை உண்டா அங்க?"

நான் பல்லைக் கடித்தேன். "உங்க தலைமேல பெய்யிற மழைதான் மாமா."

"பாத்து இருங்க. புது ஊரு. தண்ணி காய வெச்சிக் குடு புள்ளைக்கு."

ஊரும் அவரோடு சேர்ந்துகொண்டது. கடையில் எதிர்ப்பட்ட எங்கள் தெரு உஷாராணி, "எப்பக்கா வந்த? எத்தினி நாளு லீவு?" என்று கேட்டாள். ஆதிலட்சுமிக்கு என் மேல் மனத்தாங்கல். "போனதும் மறந்துட்ட இல்ல, ஒரு போனு கெடையாது" என்று என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, வரும்போது செண்டு பாட்டில் ஒன்று வாங்கி வரச் சொன்னாள். மாமனார் அரிசி முறுக்கையும் எலுமிச்சை ஊறுகாயையும் அட்டைப்பெட்டியில் போட்டு, சுற்றிலும் டேப் ஒட்டி, "அந்தப் பக்கம் போற ஆளு" கையில் கொடுத்தனுப்பினார். அந்தப் பக்கம் போகிற ஆள் என்பது பால்காரர். பெட்டி எங்களை வந்து சேர மறுநாள் காலை ஆகிவிடும்.

பால்வாடியிலும் இதே கூத்து. நான் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டால் சகாயராணி டீச்சர் கையைப் பிசைந்தார். "அவங்க தாத்தா வந்து பேரை எடுக்கச் சொல்லிட்டாரேம்மா. புள்ள ஃபாரின் போயிடுச்சின்னு."

"இதோ நிக்குதே டீச்சர்!"

"நிக்குது," என்று ஒத்துக்கொண்டார். "இருந்தாலும் போயிடுச்சே."

அதற்கு மேல் என்ன பேசுவது? நமச்சிவாயம்தான் அவளைக் காலையில் ஸ்கூட்டர் முன்னால் நிறுத்திக் கூட்டிப்போய் வில்லியனூரில் ஒரு நர்சரியில் விட்டார். மத்தியானம் வரைக்கும் அங்கே, மிச்ச நேரம் உரக்கடை கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி. கடைக்கு வருகிற விவசாயிகளைப் பார்த்து, "வாங்க, உக்காருங்க, இன்னா வேணும்ங்க?" என்று கேட்கப் பழகிக்கொண்டாள்.

பிள்ளைகள் பழகுவது நமக்குத் தெரியாமலே நடக்கிறது. ஆடி போய் ஆவணி வந்தபோது அவள் தானாக விபூதி வைத்துக்கொண்டாள். ரசம் சாதம் கேட்டாள். சிவகாமசுந்தரி அக்காவைப் பெரியம்மா என்று கூப்பிட்டு, அவர் முந்தானைக்குள்ளேயே தூங்கினாள். ஒரு நாள் காற்று எங்கள் வீட்டிலிருந்து மீன் வறுக்கிற வாசனையைக் கொண்டு வந்தது. நான் ஆசையாக மூச்சை இழுத்தேன். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "அந்த ஊருல இன்னாம்மா இப்படி நாத்தம் அடிக்குது?" என்றாள். தாத்தா வாசலில் நின்று யாரையோ கூப்பிட்டபோது, "அவங்க ஏன் கத்திக் கத்திப் பேசறாங்க?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டாள்.

ஒரு தெரு அகலத்துக்கே இவ்வளவு மாறிப்போகிற பிள்ளை, கடலைத் தாண்டினால் என்ன ஆவாள்? ஆனாலும் மனசை ஆற்றிக்கொண்டேன். அங்கே அப்பா இருப்பார். அப்பா இருந்தால் எல்லாம் சரியாகிவிடும்.

ஐப்பசியில் அவர் போன் செய்தார். வேறு வீடு கிடைத்துவிட்டது. காகிதம் எல்லாம் முடிந்தது. எங்களைக் கூட்டிப்போக அவரே வருகிறார். நான் சிவகாமசுந்தரி அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவர் வருகிற நாளில் பிள்ளைக்குத் தலை நிறையக் கனகாம்பரம் வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் கார் வந்து எதிரே எங்கள் வீட்டு வாசலில் நின்றது. அவர் இறங்கினார். கொஞ்சம் இளைத்திருந்தார், முன்தலை ஏறியிருந்தது. என்னைப் பார்த்தார். இரண்டு அடி எடுத்து வைத்தார். மாமனார் அவர் தோளைப் பிடித்துவிட்டார்.

"மேற்கேருந்து வந்தவன் வூட்டுல தங்காம வந்த காலோட மேற்க போவக் கூடாதுடா. போனா நீ திரும்பிப் போனதா ஆயிடும். மூணு ராத்திரி இரு."

"அப்ப அவங்கள இங்க வரச் சொல்லுப்பா."

"வந்தா அவங்க பயணம் முறிஞ்சிபூடும். இத்தினி மாசம் இருந்தது வீணா?"

என் புருஷன் என்ன செய்தார் தெரியுமா? தலையைச் சொறிந்தார். எத்தனையோ நாடு தாண்டி வந்த மனுஷன், அப்பா பேச்சைத் தாண்டவில்லை. பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தார். என் கையில் இருந்த போன் அடித்தது.

"மூணு நாளுதானே கல்பனா," என்றார். "பாப்பாகிட்ட குடு."

என் உடம்பெல்லாம் எரிந்தது. இருந்தாலும் கொடுத்தேன். பிள்ளை வழக்கம்போல வாசல்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, போனை மடியில் வைத்துக்கொண்டு, சாப்பிட்டதையும் விளையாடியதையும் சொல்ல ஆரம்பித்தாள். தெருவுக்கு அந்தப் பக்கம் அவர் நின்றுகொண்டு கேட்டார். அவர் அவளையே பார்த்தார். அவள் போனைப் பார்த்தாள்.

"பாப்பா," என்றேன், "அதோ பாரு, அப்பா வந்துட்டாரு. எதுத்தாப்புல நிக்கிறாரு பாரு."

அவள் நிமிர்ந்து தெருவைப் பார்த்தாள். நிதானமாகத்தான் பார்த்தாள். அப்புறம் போனைப் பார்த்தாள். "அது யாரோம்மா," என்றாள். "அப்பா இதோ இருக்காரு."

எதிரே அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். கை தாழ்ந்தது, விரல் பட்டுப் போன் கட் ஆகிவிட்டது. அப்படியே தெருவில் இறங்கி ஓடி வந்தார். "டேய் டேய் முத்து, முறிஞ்சிபூடும்டா!" என்று மாமனார் கத்திய கத்தலில் தெருவே வெளியே வந்து நின்றது. ஒரு செருப்பு நடுத்தெருவில் கிடந்தது. மூச்சு வாங்க வாசல்படிக்குக் கீழே வந்து நின்றார்.

பிள்ளை எழுந்து நின்று பாவாடையைச் சரி செய்துகொண்டாள். பயப்படவில்லை.

"வாங்க," என்றாள். "யாருங்க வேணும்?"

அவர் வாயைத் திறந்தார். "அப்பாவ…" என்றார்.

"எங்க அப்பாவா? இப்பத்தான் கட் ஆயிட்டாரு. மறுபடி வருவாருங்க."

நான் சொல்லியிருக்கலாம், இவர்தான்டி உன் அப்பா என்று. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிவகாமசுந்தரி அக்கா உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்று அழுதார். எதிர் வாசலில் மாமனாரும் கத்துவதை நிறுத்திவிட்டார்.

அவர் அவள் உயரத்துக்குக் குனிந்தார். "அவரு வர்ற வரைக்கும் நான் இங்க உக்காந்துக்கலாமாங்க?"

அவள் யோசித்தாள். படியில் தன் பக்கத்தில் இருந்த இடத்தைக் கையால் தட்டித் துடைத்தாள்.

"உக்காருங்க. ஆனா நேரம் ஆவும்," என்றாள். "அவரு ரொம்ப தூரத்துல இருக்காரு."

"பரவால்லங்க," என்று சொல்லி, அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.