வேதாசலத்தின் செம்பு

செங்காட்டூரில் அரிந்த காய்கள் தாமாகக் கறுப்பதில்லை. அவற்றைக் கறுக்கச் செய்வதற்கென்றே அரசாங்கம் வீட்டுக்கொரு நொதியை நியமித்திருந்தது. மேலத்தெருத் திலகவதியின் வீட்டுக்கு வாய்த்தவர் வேதாசலம். அவருடைய மார்பில் இரண்டு செம்பு அணுக்கள் பதிந்திருந்தன. காயிலிருந்து பீனால் என்னும் சேர்மங்கள் வரிசையாக வந்து அச்செம்பைத் தொடுவார்கள். அவர் ஆக்சிஜன் வழங்குவார். அவர்கள் கறுத்து, மனநிறைவோடு திரும்புவார்கள். தொட்டவர் கையை எடுக்கும்வரை அடுத்தவரை அழைக்கலாகாது என்பது விதி.

அம்மாதம் முழுவதும் ஒரு காயும் கறுக்கவில்லை. அன்று நண்பகல் சோதனைக்கு வரும் மேலதிகாரி அருணகிரி, கறுத்த காய் ஒன்றையேனும் காணாவிட்டால் செம்பைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார். செம்பு போனால் வேதாசலம் வெறும் புரதம். பருப்போடு பருப்பாக வேகவேண்டியதுதான்.

காலை எட்டரைக்குத் திலகவதி வாழைப்பூவை அரிய உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு ஒரு நாள் மோரும் எலுமிச்சையும் வேண்டாம்மா," என்றார் வேதாசலம்.

"போங்க சார். கறுத்த பூவுல வடை தட்டுனா என் நாத்தனா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பா."

பூவை மோர்த்தண்ணீரில் போட்டு, எலுமிச்சம்பழத்தையும் பிழிந்துவிட்டாள். அதிலிருந்து ஒரு சிட்ரிக் அமிலம் இறங்கிவந்து, வரிசையில் முதல் ஆளாக நின்று, செம்பை இறுகப் பற்றிக்கொண்டது.

"என்னய்யா வேணும்?" என்றார் வேதாசலம்.

"ஒண்ணும் வேண்டாம் சார்."

"அப்புறம் எதுக்குப் பிடிச்சிருக்கீரு?"

"பிடிக்க வாகா இருக்கு. நீங்க உங்க வேலையப் பாருங்க."

"யோவ், பின்னால நிக்கிறவன் மனுஷனாத் தெரியலையா?" என்று ஒரு பீனால் இரைந்தார். அமிலம் திரும்பிப் பார்க்கவில்லை. கையை உதறிவிட விதியில் இடமில்லை.

பன்னிரண்டு மணிக்கு அருணகிரி வந்தார். பூ தும்பையாக வெளுத்திருந்தது. இடுக்கியை எடுத்துச் செம்பை நெருங்கியவர், அதைப் பற்றியிருந்த கையைக் கண்டு நின்றார்.

"யாருய்யா இது?"

"மனுதாரர் ஐயா. எட்டரையிலேருந்து இருக்கார்."

பயன்பாட்டிலுள்ள செம்பை அகற்றலாகாது என்பதும் விதியே. அருணகிரி இடுக்கியைப் பைக்குள் வைத்தார். 'இடைவிடாது பணியாற்றுகிறார்' என்று பதிவேட்டில் எழுதி, மாவட்டத்தின் எல்லா நொதிகளுக்கும் இத்தகைய மனுதாரர் ஒருவரை ஏற்பாடு செய்யுமாறு பரிந்துரைத்துவிட்டுப் புறப்பட்டார்.

அதற்குள், கறுப்பதற்காக நெடுநேரம் காத்திருந்த பூ மோருக்குள் காய்க்கத் தொடங்கியிருந்தது. முதல் சீப்பு பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டியதும் திலகவதி அண்டாவை எடுத்துவரப் போனாள்.